‘ஆர்டர்’ என்னும் ஒரு சொல்

(கல்விச் சங்க வெள்ளிவிழாவில், மாணவர் இளைஞர் அமர்வில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வெள்ளிவிழா என்றால் கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். அப்பணியைச் செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் செவ்வனே செய்துவிட்டார்கள். எமக்கு இடப்பட்ட பணி வேறு. ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு பேசவேண்டும் என்று விழாக்குழுவினர் பணித்தார்கள். ஆங்கிலம் ஒரு கடல். ஒரு மணி நேரத்தில் கடலைக் காட்ட இயலாது. ஒரு கை நீரை அள்ளி அதன் உப்பைக் காட்ட இயலும். ஆகவே ஒரேயொரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள்முன் நிற்கின்றோம். அச்சொல் ‘ஆர்டர்’ என்பது.

இச்சொல்லை அறியாதவர் இவ்வவையில் ஒருவரும் இலர். எழுத்தறியாத பாட்டியும் ‘மணியார்டர்’ என்று சொல்லியிருக்கிறாள். தேநீர்க்கடையில் ‘ஆர்டர் கொடுத்தாயிற்றா’ என்கிறோம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ‘ஆர்டர் வந்துவிட்டது’ என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். எல்லோரும் அறிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறியாத சொல்லைக் கண்டால் அகராதியை எடுக்கின்றோம். அறிந்த சொல்லைக் கண்டால் எடுப்பதில்லை. கற்பவரைப் பெரிதும் ஏமாற்றுவது கடினமான சொல் அன்று, எளிய சொல்லே.

நாம் அறிந்த ஓர் இளைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்திருந்தார். அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ‘யுவர் அப்ளிகேஷன் இஸ் நாட் இன் ஆர்டர்’ என்று அதன் முதல் வரி இருந்தது. ‘நாட்’ என்றால் இல்லை, ‘ஆர்டர்’ என்றால் ஆணை. ஆகவே ஆணை இல்லை, உதவித்தொகை மறுக்கப்பட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். உண்மையில் அவ்வரியின் பொருள், ‘உமது விண்ணப்பம் முறைப்படி அமையவில்லை’ என்பதே. சாதிச் சான்றிதழின் படியை இணைத்துப் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்புக என்று அடுத்த பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். பதினைந்து நாள் கடந்தது. ஓராண்டு உதவித்தொகையும் கடந்தது. அவர் சோம்பேறி அல்லர். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவரே. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அதுவே கேடாயிற்று.

தமிழ் இலக்கணம் தரும் திறவுகோல்

ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய குற்றம் அன்று. நம் தமிழில் ‘படி’ என்னும் சொல்லைப் பாருங்கள். வீட்டு வாசலில் இருப்பது படி. அரிசி அளப்பது படி. ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வது படி. சான்றிதழை நகல் எடுத்தால் அதுவும் படி. அரசு ஊழியர் பெறும் பஞ்சப்படியும் படிதான். ‘சொன்னபடி செய்’ என்னும்போது அதே சொல் ‘வண்ணம்’ என்று பொருள்படுகிறது. இவற்றுள் எதையும் நாம் அகராதி பார்த்துக் கற்கவில்லை. ‘இரண்டு படி அரிசி’ என்று கேட்ட எந்தக் குழந்தையும் வாசற்படியைத் தேடி ஓடுவதில்லை. அருகில் உள்ள சொல் பொருளைக் காட்டிவிடுகிறது.

இதனைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இலக்கணமாகவே வகுத்துள்ளார். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை மூன்று வழிகளால் தெளியலாம் என்பது அவர் கருத்து. ஒன்று வினை, இரண்டு இனம், மூன்று சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மா என்பது மாமரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. பூத்தலும் ஓடுதலும் ஆகிய வினைகளே பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. உடன் வரும் இனச்சொற்களாலும், பேச்சு நிகழும் இடமாகிய சார்பினாலும் பொருள் அவ்வாறே விளங்கும்.

ஆங்கில மொழியறிஞர்கள் அண்மைக் காலத்தில் பெரிதாகப் பேசும் இக்கருத்து நம் கையில் நெடுங்காலமாக இருக்கின்றது. தாய்மொழி நமக்குத் தந்த இத்திறவுகோலைக் கொண்டே ‘ஆர்டர்’ என்னும் பூட்டைத் திறப்போம்.

சொல்லின் வேர்

முதலில் இச்சொல் எங்கிருந்து வந்தது? இலத்தீன் மொழியில் ‘ஓர்டோ’ என்றொரு சொல் உண்டு. வரிசை என்பது அதன் பொருள். உரோமானியர் தம் சமுதாயத்தின் மேல்நிலை வகுப்புகளையும் இச்சொல்லால் குறித்தனர். அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக இடைக்காலத்தில் ஆங்கிலத்திற்கு வந்து ‘ஆர்டர்’ ஆயிற்று.

ஆகவே இதன் அடிப்படைப் பொருள் வரிசை. பொருள்கள் வரிசையாக இருந்தால் அது ஒழுங்கு. மக்கள் ஒழுங்காக இருந்தால் அது அமைதி. ஒருவரை இன்ன வரிசையில் நில் என்று சொன்னால் அது கட்டளை. கடைக்காரரிடம் இன்ன பொருளைத் தருக என்று சொன்னால் அது கேட்பு. வரிசை, ஒழுங்கு, அமைதி, கட்டளை, கேட்பு என்னும் ஐந்தையும் ஒரே கொடியில் காய்த்த காய்களாகக் கண்டால் மனத்தில் நிற்கும். தனித்தனியே மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த அன்றே உதிர்ந்துவிடும்.

அதே வேரிலிருந்து பிறந்த உறவுச் சொற்களையும் நோக்குங்கள். முதலாவது, இரண்டாவது என்னும் வரிசை எண்களுக்கு ‘ஆர்டினல்’ என்று பெயர். வழக்கமான வரிசையில் உள்ளது ‘ஆர்டினரி’. ஒருவரின் வரிசைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர் ‘சபார்டினேட்’. அவசரச் சட்டம் ‘ஆர்டினன்ஸ்’. ஒழுங்கு கெட்டால் ‘டிஸ்ஆர்டர்’. ‘ஆர்டர்லி’ என்னும் சொல் அடைமொழியாக வந்தால் ஒழுங்கான என்று பொருள். பெயராக வந்தால் அதிகாரியின் ஏவலுக்கு நிற்கும் பணியாளர். காவல்துறையில் இருந்த ஆர்டர்லி முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1979ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறைவேற்றுமாறு வலியுறுத்த வேண்டியிருந்தது. ஓர் ஆணை தாளில் இருப்பது வேறு, தரையில் இருப்பது வேறு என்பதற்கு இது சான்று. இக்கருத்துக்குப் பின்னர் வருவோம்.

வினையால் பொருள் தெளிதல்

‘ஆர்டர்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் அதற்கு முன்னுள்ள வினையைப் பாருங்கள். ‘இஷ்யூ’ அல்லது ‘பாஸ்’ என்னும் வினை இருந்தால் ஆணை பிறப்பித்தல். ‘பிளேஸ்’ என்றிருந்தால் பொருள் அனுப்பும்படி கேட்டல். ‘கீப்’ அல்லது ‘மெயின்டெய்ன்’ என்றிருந்தால் அமைதி காத்தல். ‘புட் இன் ஆர்டர்’ என்றால் ஒழுங்குபடுத்துதல். ‘ஒபே’ என்றால் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்.

‘ஆர்டர்’ தானே வினையாகவும் வரும். அப்போது அதன்பின் வருவது ஆளா, பொருளா என்று நோக்க வேண்டும். ‘ஹி ஆர்டர்டு த பாய் டு கோ’ என்றால் சிறுவனைப் போகும்படி கட்டளையிட்டான். ‘ஹி ஆர்டர்டு டீ’ என்றால் தேநீர் கொண்டுவரச் சொன்னான். முன்னதில் அதிகாரம் இருக்கிறது. பின்னதில் காசு இருக்கிறது. காசு கொடுத்துக் கேட்பவர் எவராயினும் அவருடைய சொல்லுக்கும் ‘ஆர்டர்’ என்றே பெயர். தனிக் குவளையில், கடைக்கு வெளியே நின்று தேநீர் வாங்கிய தலைமுறையினர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் உள்ளே அமர்ந்து ‘ஆர்டர்’ கொடுக்கும்போது அச்சொல்லின் அருமை உங்களுக்கல்லவா தெரியும்!

வினையோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது ஆர்ட்டிகிள் எனப்படும் சிறுசொல். ‘அன் ஆர்டர்’ என்று ஒருமையிலோ, ‘ஆர்டர்ஸ்’ என்று பன்மையிலோ எண்ணக்கூடியதாக வந்தால் பெரும்பாலும் ஆணை அல்லது கேட்பு. எண்ணமுடியாததாய்த் தனித்து ‘ஆர்டர்’ என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் ஒழுங்கு, அமைதி அல்லது வரிசை. அவ்விளைஞரின் கடிதத்தில் ‘இன் ஆர்டர்’ என்றுதான் இருந்தது. ‘அன் ஆர்டர்’ என்று இல்லை. அச்சிறுசொல் இல்லை என்பதைக் கவனித்திருந்தால் அவருக்கு ஐயம் பிறந்திருக்கும். ஐயம் பிறந்திருந்தால் ஒருவரிடம் கேட்டிருப்பார். கற்றவனுக்கு அழகு ஐயப்படுதல்.

இனத்தால் பொருள் தெளிதல்

மனிதரைப் போலவே சொற்களும் கூட்டாளிகளோடு வரும். ‘லா அண்டு ஆர்டர்’ என்றால் சட்டம் ஒழுங்கு. ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று குடிநீர் இயந்திரத்தில் எழுதியிருந்தால் பழுதடைந்துள்ளது. சட்டமன்றத்தில் அதே தொடரைப் பேரவைத் தலைவர் சொன்னால், உறுப்பினரின் பேச்சு அவை விதிக்கு முரணானது என்று பொருள். உறுப்பினர் எழுந்து எழுப்பும் ‘பாயிண்ட் ஆஃப் ஆர்டர்’ என்பது ஒழுங்குப் பிரச்சினை. திரைப்படத்தில் நீதிபதி மேசையைத் தட்டி ‘ஆர்டர், ஆர்டர்’ என்பதைக் கண்டு, அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார் என்று எண்ணிய மாணவர்கள் உண்டு. அமைதி காக்கச் சொல்கிறார், அவ்வளவே.

‘இன் ஆர்டர் டு’ என்னும் மூன்று சொற்கள் சேர்ந்து வந்தால் ‘பொருட்டு’ என்று பொருள். ‘ஹி ஸ்டடீஸ் இன் ஆர்டர் டு பாஸ்’ என்பதை ‘அவன் தேர்ச்சி பெற ஆணையில் படிக்கிறான்’ என்று மொழிபெயர்த்த விடைத்தாளை நாம் திருத்தியிருக்கிறோம். ‘இன் ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்றால் தகுதி வரிசைப்படி. பணியாளர் தேர்வுப் பட்டியல்களில் இத்தொடரைக் காண்பீர்கள். ‘ஆஃப் த ஆர்டர் ஆஃப்’ என்று ஓர் எண்ணுக்கு முன் வந்தால் ஏறத்தாழ அவ்வளவு என்று பொருள்.

‘மணியார்டர்’ என்பது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று அஞ்சலகத்திற்கு விடுக்கும் பணிப்பு. இந்திய அஞ்சல்துறை 1880ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. பட்டணத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் பிழைக்கப்போன தந்தையின் வியர்வை, ஊரில் இருந்த பிள்ளைகளின் புத்தகமாக மாறியது இவ்வொரு சொல்லால்தான். காசோலையில் பெயருக்குப் பின் ‘ஆர் ஆர்டர்’ என்றிருந்தால், அவருக்கோ அவர் எழுதிக் கொடுத்தவருக்கோ பணம் சேரும். ‘ஆர் பேரர்’ என்றிருந்தால் கொண்டுவந்தவருக்கே சேரும். இவ்விரண்டின் வேறுபாடு தெரியாதவரின் பணம் பிறர் கைக்குப் போக வழியுண்டு.

சார்பால் பொருள் தெளிதல்

இனி இடத்தைப் பார்ப்போம். கணக்குப் புத்தகத்தில் ‘ஆர்டர்’ என்றால் வரிசை. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் அதுவே. விலங்கியலில் ‘ஆர்டர்’ என்றால் உயிர்களை வகைப்படுத்தும் ஒரு நிலை. அதன்படி மனிதரெல்லாம் ‘பிரைமேட்ஸ்’ என்னும் ஒரே ஆர்டரைச் சேர்ந்தவர். அதற்குள்ளும் ஒரே குடும்பம், ஒரே பேரினம், ஒரே இனம். மனிதருக்குள் பிறப்பால் மேல் கீழ் வரிசை உண்டு என்று எந்த விலங்கியல் நூலும் சொல்லவில்லை. சமய வரலாற்றில் ‘ஆர்டர்’ என்றால் துறவியர் சங்கம். கட்டடக் கலையில் கிரேக்கத் தூண்களின் பாணி. கடைக்காரர் புத்தகத்தில் ‘ஆன் ஆர்டர்’ என்றால் கேட்டிருக்கிறோம், சரக்கு இன்னும் வரவில்லை.

நீதிமன்றத்தில் இச்சொல்லுக்கு இருமுகம் உண்டு. நீதிபதி வழங்கும் ஆணை ஓர் ஆர்டர். ஆனால் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 51 ஆர்டர்கள் உள்ளன. அவை எவருக்கும் இட்ட ஆணைகள் அல்ல. அத்தியாயங்கள் போன்ற பகுப்புகள். ஒவ்வொன்றிலும் பல விதிகள் அடங்கும். ‘ஆர்டர் 39’ என்று வழக்கறிஞர் சொன்னால் இடைக்காலத் தடை பற்றிய பகுதி. ‘ஆர்டர் 33’ என்னும் பகுதியை நீங்கள் அனைவரும் நினைவில் வைக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் செலுத்த வசதியில்லாதவர், கட்டணமின்றி வழக்குத் தொடர அனுமதி கேட்க வழிசெய்வது அதுவே. ஏழை என்பதால் நீதிமன்றப் படி ஏற முடியாது என்று எண்ணி நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இப்பகுதி இருப்பதை எவரும் படித்துச் சொல்லவில்லை.

‘144 போட்டுவிட்டார்கள்’ என்று ஊரில் சொல்வோமே, அது பொது அமைதிக்காகப் பிறப்பிக்கும் தடை ஆணை. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவு. பொது ஒழுங்கைக் காப்பதற்கு ஓர் ஆணை. ஓர் ஆர்டரைக் காக்க மற்றோர் ஆர்டர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கண்டால் குழம்ப வேண்டா.

அரசாணையைப் படிக்கும் முறை

இனி நமக்கு மிகவும் நெருங்கிய பொருளுக்கு வருவோம். அதுதான் ‘கவர்ன்மெண்ட் ஆர்டர்’, சுருக்கமாக ஜி.ஓ. பல அரசாணைகள் இன்று தமிழிலேயே வெளிவருகின்றன. எனினும் பழைய ஆணைகள் ஆங்கிலத்தில் உள்ளன. உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் வழக்கு மொழி ஆங்கிலமாகவே இருந்து வருகிறது. ஆகவே ஆங்கில ஆணையைப் படிக்கும் திறன் நமக்கு வேண்டும்.

ஓர் அரசாணையின் அமைப்பு எளிது. மேலே ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்னும் சுருக்கம் இருக்கும். பின்னர்த் துறையின் பெயரும் ஆணையின் எண்ணும் நாளும். அடுத்து, இதற்கு முன் வந்த ஆணைகளும் கடிதங்களும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் ‘ஆர்டர்’ என்னும் தலைப்பு. அதன் கீழுள்ள முதற்பத்திகள் பெரும்பாலும் பழைய கதையைச் சொல்லும். அரசின் முடிவு பின்பத்திகளில்தான் வரும். முதற்பத்தியைப் படித்துவிட்டு முடிவு தெரிந்ததாக எண்ணிவிடக் கூடாது. இறுதியில் ‘பை ஆர்டர் ஆஃப் த கவர்னர்’ என்று, ஆளுநரின் ஆணைப்படி என்னும் வாசகமும் செயலாளரின் கையொப்பமும் இருக்கும். யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்னும் பட்டியலையும் விடாது படியுங்கள். அவ்வாணையை நிறைவேற்ற வேண்டிய அலுவலர் யார் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

சில தொடர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அன்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ்’ என்றால் மறு ஆணை வரும்வரை. ஆகவே நிலையானது அன்று. ‘இன்டெரிம் ஆர்டர்’ என்றால் இடைக்கால ஆணை, வழக்கு முடிந்துவிடவில்லை. ‘ஆர்டர்ஸ் ரிசர்வ்டு’ என்றால் விசாரணை முடிந்து ஆணை ஒத்திவைக்கப்பட்டுள்ளது, தள்ளுபடி ஆகவில்லை. ‘ஸ்பீக்கிங் ஆர்டர்’ என்று ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பேசும் ஆணை’ என்றாகும். காரணத்தை எடுத்துக்கூறும் ஆணை என்பதே அதன் பொருள். உங்கள் மனு காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டால், காரணங்களோடு கூடிய ஆணை வழங்குக என்று கேட்கலாம். ஊமையாக நின்ற மக்களுக்கு ‘பேசும் ஆணை’யைக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பது சிறிய செய்தியா?

நம் வரலாற்றில் இச்சொல்

இவ்வொரு சொல் நம் முன்னோர் வாழ்வில் எவ்வாறெல்லாம் புகுந்தது என்பதையும் சிறிது காண்போம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் வாழ்ந்த நிலையைப் பற்றி ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் அறிக்கை எழுதினார். அதனையொட்டி 1892ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. அதன் வழியே வழங்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலங்கள் என்கிறோம். இந்நிலத்தை மற்றவருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை அதில் இருந்தது. ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. நிலம் நம் கையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே நம் கைநாட்டு இருந்தது. நிபந்தனையைப் படிக்க அறியாத விரல், எவர் நீட்டிய தாளிலும் பதிந்தது. நிலம் கைமாறிற்று.

எம்.சி. ராஜா அவர்கள் ஓர் ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். அவர் சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதுமாறு 1922ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் தீர்மானத்தையொட்டி, பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924ஆம் ஆண்டில் ஆணை வந்தது. இவ்விருவரும் ஆங்கிலம் கற்றவர்கள். தீர்மானத்தின் மொழியையும் ஆணையின் மொழியையும் அறிந்ததால் அவற்றைத் தம் மக்களுக்காகக் கையாண்டார்கள். ஆயினும் அவ்வாணைக்குப் பின்னும் எத்தனை ஊர்களில் நாம் பொதுக் கிணற்றருகே செல்ல முடியாதிருந்தது! ஆணை இருப்பதை ஊரில் எவரும் படித்துக் காட்டவில்லை. படித்தவர் சிலர் மறைத்தனர்.

வகுப்புவாரி ஆணை என்று நாம் வழங்கும் ‘கம்யூனல் ஜி.ஓ.’ முதலில் 1921ஆம் ஆண்டில் தோன்றியது. அதன்படி நடைபெற்ற கல்லூரி இட ஒதுக்கீடு செல்லாது என்று 1951ஆம் ஆண்டில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அரசமைப்பு முதன்முறை திருத்தப்பட்டு 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலைக் கடப்பதற்குத் துணைநிற்பது அவ்வுட்பிரிவு.

நாம் சான்றிதழில் காணும் பட்டியல் சாதி என்னும் பெயரும் ஓர் ஆர்டரிலிருந்தே வருகிறது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை அது. தமிழ்நாட்டுக்குரிய பட்டியலும் அதில் உள்ளது. அப்பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமாயின், 341ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றியாக வேண்டும். வேறொரு ஆணையால் மாற்ற இயலாது. ஆர்டர் என்னும் பெயர் ஒன்றாயினும் எல்லா ஆர்டர்களும் ஒரே வலிமை உடையன அல்ல என்பதை இதனால் அறிக.

இரண்டு ஒழுங்குகள்

இறுதியாக, இச்சொல்லின் மிகப் பெரிய பொருளுக்கு வருகின்றோம். ‘சோஷியல் ஆர்டர்’ என்றால் சமுதாய அமைப்பு. உரோமானியர் மக்களை வகுப்பு வகுப்பாக நிறுத்திய அதே வரிசைப் பொருள் இதில் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் சாதி அமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார்கள். ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்கும் வரிசை அது. அந்த வரிசையே கட்டளையும் ஆயிற்று. நம் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் முன் ‘உத்தரவுங்க’ என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லில் வரிசையும் இருந்தது, கட்டளையும் இருந்தது.

இப்போது அரசமைப்பைத் திறந்து பாருங்கள். அதன் 38ஆம் பிரிவில் இதே ‘சோஷியல் ஆர்டர்’ என்னும் தொடர் வருகிறது. சமுதாய நீதியும் பொருளாதார நீதியும் அரசியல் நீதியும் நிலவும் ஒரு சமுதாய அமைப்பை உருவாக்க அரசு முயல வேண்டும் என்று அது பணிக்கிறது. 13ஆம் பிரிவையும் பாருங்கள். சட்டம் என்னும் சொல்லுக்கு அங்கே விளக்கம் தரும்போது ஆணை, விதி, அறிவிக்கை என்பவற்றோடு, சட்டத்தின் வலிமை பெற்ற பழக்கத்தையும் வழக்கத்தையும் சேர்த்துள்ளார்கள். அடிப்படை உரிமைக்கு முரணானால் ஆணையும் செல்லாது; வழக்கமும் செல்லாது. ‘இது ஊர் வழக்கம்’ என்று சொல்லி நம்மைத் தடுப்பவருக்கு விடை அப்பிரிவில் இருக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. உரிமை பறிக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின்கீழும், உச்சநீதிமன்றத்தில் 32ஆம் பிரிவின்கீழும் ஆணை கேட்கலாம்.

ஆக, பழைய ஒழுங்கும் ஆர்டர்தான். அதனை மாற்ற வந்த ஒழுங்கும் ஆர்டர்தான். எது எது என்று பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும். அக்கண்ணைத் தருவது கல்வி.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நடைமுறையில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம்.

ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் பொருளை எழுதுவதற்கு முன் அச்சொல் வந்த வாக்கியத்தை எழுதுங்கள். வாக்கியம் இல்லாத பொருள், முகவரி இல்லாத கடிதம் போன்றது. ‘ஆர்டர்’ போலவே ‘சார்ஜ்’, ‘இஷ்யூ’, ‘கேஸ்’, ‘ரன்’, ‘செட்’ முதலிய சொற்களுக்கும் இவ்வாறு செய்யுங்கள். ‘ரன்’ என்னும் ஒரு வினைக்கே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அறுநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைக் காட்டுகிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வினை, இனம், சார்பு என்னும் மூன்றையும் நோக்கும் பழக்கம் வந்துவிட்டால், அறியாத பொருளும் தானே விளங்கும்.

அகராதியைப் பயன்படுத்துங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் பல நூலகங்களில் இருக்கிறது. முதலில் கண்ட பொருளோடு நின்றுவிடாமல் கடைசிப் பொருள்வரை படியுங்கள். உங்கள் வாக்கியத்திற்குரிய பொருள் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ இருக்கலாம்.

வாரம் ஒருநாள் நம் சங்கப் படிப்பகத்தில் ஓர் அரசாணையை எடுத்துவைத்துக் கூடிப் படியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் தமிழில் சொல்ல, மூத்தோர் கேட்கட்டும். வீட்டுமனைப் பட்டா, கல்வி உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை ஆகியவை பற்றிய ஆணைகளை முதலில் எடுங்கள். படிப்பறியாத தாயின் கையில் எவரேனும் ஒரு தாளை நீட்டினால், கைநாட்டு வைப்பதற்கு முன் ‘என் மகள் படித்துப் பார்க்கட்டும்’ என்று அவர் சொல்லும் நாள் ஒவ்வொரு வீட்டிலும் வரவேண்டும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திய மாலை வகுப்புகளின் பயன் அதுவே.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. அதற்கு அடிமையாகவும் வேண்டா. அது ஒரு கருவி. மண்வெட்டியைப் பிடித்து நிலத்தைத் திருத்திய கைகள் நம்முடையவை. அக்கைகளுக்குப் பேனாவும் அகராதியும் பாரமல்ல. படியுங்கள், ஐயம் வந்தால் கேளுங்கள், அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.